மூன்று முறை கழுவிய கிரைண்டர்

ஒரு கிரைண்டரைக் கழுவிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள். புரதம், நார்ச்சத்து, பூமிக்கு நல்லது என்று பெரிய பெரிய விஷயங்களைப் படித்துவிட்டு இந்தச் சைவக் கறித் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். அதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் ரிடையர் ஆனவள், எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். அதையாவது ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நான் இந்த மராத்தி ஊரில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் முதலில் ஒரு கோழிக்கறி கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் பல வருஷம் இருந்தேன். அங்கே எல்லோருக்கும் பயம் இருந்தது. கறி என்றாலே கெட்டுப்போகிற சாமான். கத்தியைத் தொட்டால் கை கழுவு, கதவைத் தொட்டால் கை கழுவு. அங்கிருந்து போசரியில் இந்தப் பட்டாணிப் புரதத்தில் கொத்துக்கறி மாதிரி கீமா செய்கிற ஃபேக்டரிக்கு அதே வேலைக்கு வந்தபோது, அப்பாடா என்று இருந்தது. ரத்தம் இல்லை, நாற்றம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைப்பு வந்த பிறகு ஆட்டுக்கறியை நிறுத்தியிருந்தோம். நானே ஃபேக்டரி கீமாவை வீட்டுக்குக் கொண்டுபோய் வதக்கிக் கொடுத்தேன், மனுஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இந்தப் பொருளின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் நல்ல பொருள் செய்கிறோம் என்ற நினைப்பு மெல்ல மெல்ல எங்கள் பயத்தைத் தின்றுவிட்டது. அது எங்களுக்குத் தெரியவே இல்லை.

சுகன்யாவை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பெண். வாகட்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் குடியிருந்தாள், ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் பையன் கவினுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்பு அளவில் இல்லை. இரண்டு முறை மூச்சு அடைத்து ஐசியூவுக்குப் போய் வந்த பிள்ளை. அப்படி வந்தால் உடனே தொடையில் குத்த ஒரு ஊசி எப்போதும் அவள் பையில் இருக்கும். பாக்கெட்டில் போட்டிருந்த நம்பருக்கு அவள் முதலில் இங்கிலீஷில் கூப்பிட்டாள். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழுங்களா?" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா.

"ஹோட்டல் கீமாவுல என்ன கலக்குறாங்கன்னே தெரியலீங்க்கா. உங்க பாக்கெட்டுல எல்லாம் எழுதியிருக்கு. பட்டாணி, சோயா ரெண்டும் டெஸ்ட் பண்ணிப் பாத்து டாக்டர் குடுக்கலாம்னுட்டாரு. மத்த பசங்க ரோல் சாப்பிடறப்ப இவனும் ஒண்ணு சாப்பிடணும்ல?"

அதன் பிறகு ஒவ்வொரு முறை வாங்குவதற்கு முன்னாலும் கூப்பிடுவாள். ஒரே கேள்வி: "கடலை இல்லீங்கல்லக்கா?" நானும் இல்லை என்பேன். என் வார்த்தையை நம்பி ஒருத்தி பிள்ளைக்கு ஊட்டுகிறாள் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அன்றைக்கு ஆஷாடி ஏகாதசி. இந்த ஊரில் அந்த நாளில் யார் உபவாசம், யார் இல்லை என்று கேட்கவே வேண்டாம். எங்கள் ஃபேக்டரியில் என்னையும் இன்னும் நாலைந்து பேரையும் தவிர எல்லோரும் விரதம். உபவாசம் என்றால் பட்டினி இல்லை. அரிசி கோதுமை பருப்பு கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது. ஜவ்வரிசிக் கிச்சடி தின்னலாம். அதில் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துத் தாராளமாகப் போடுவார்கள், அது இல்லாவிட்டால் அது கிச்சடியே இல்லை. கேன்டீன் வெளியே தனி ஷெட். சமைப்பது மௌஷி. பெயர் வேறு, ஆனால் இந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மௌஷிதான், நம்ம சித்தி மாதிரி. விரதம் இல்லாத எனக்கும் ஒரு தட்டு நிறைய வந்தது. சுடச்சுட, கடலை வாசனை தூக்கியது. நான் என்ன வேண்டாம் என்றா சொல்வேன்? ரெண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு கரண்டி எடுத்து வதக்கி ஐந்து பேர் ருசி பார்ப்போம். ஐந்து பேரும் சரி என்றால்தான் என் கையெழுத்து. அன்று அந்த ஐந்தில் மற்ற நாலு பேரும் விரதம், பட்டாணி வாயில் படக்கூடாது. "மேடம், ஆஜ் ஆப் ஹீ தேக் லோ," நீங்களே பார்த்துவிடுங்கள் என்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிச்சடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு கீமாவை ருசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. வாய் முழுக்க வேர்க்கடலை இருக்கும்போது கீமாவில் வேர்க்கடலை இருந்தால் எப்படித் தெரியும்? அது எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் சுகன்யா கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு கவினுக்குப் பொறந்த நாளுங்க. சாயங்காலம் கிளப் ஹவுஸ்ல பார்ட்டி. இன்னைக்கு வர்ற பாக்கெட்டே வாங்கிக்கலாம்னு இருக்கேன். கடலை இல்லீங்கல்ல?"

பல்லிடுக்கில் ஒரு கடலைத் துணுக்கு. அதை நாக்கால் நெம்பிக்கொண்டே சொன்னேன்: "ஏம்மா, இன்னும் எத்தன தபா கேப்ப? எங்க மெஷின் பக்கமே கடலை வராது. தைரியமா குடு புள்ளைக்கு."

பாக்கெட்டுகள் மதியம் வண்டியில் கிளம்பி வாகட், பாணேர் கடைகளுக்குப் போய்விட்டன.

சாயங்காலம் ஐந்தே முக்கால். நேரம் எப்படி ஞாபகம் என்று கேட்காதீர்கள், சாகும்வரை மறக்காது. மௌஷி பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். கேட் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். கிச்சடி பிரமாதம் மௌஷி, இத்தனை பேருக்கு வீட்டிலிருந்தா பொடித்துக்கொண்டு வந்தீர்கள், பொடி அவ்வளவு புதிதாக இருந்ததே என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். வீட்டு மிக்ஸியில் இத்தனை பேருக்கு எங்கே ஆகும், மேடம்? காலையில் சீக்கிரமே வந்து உள்ளே கீமாவுக்கு மசாலா அரைக்கிற கிரைண்டரில் அடித்தேன் என்றார். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுபோல் மூன்று விரலைக் காட்டினார். "தீன் வேளா துத்லா!" மூன்று முறை கழுவினாராம், வெந்நீர் ஊற்றி. வெங்காயம் பூண்டு பட்ட மெஷின் ஆயிற்றே, விரதச் சாப்பாட்டுக்கு ஆகுமா?

"அரைச்சதுக்கு அப்புறம் கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "உபவாஸாச்ச ஆஹே நா, மேடம்!" என்றார். விரதச் சாப்பாடுதானே, அதில் கழுவ என்ன இருக்கிறது? சுத்தமான துணியால் துடைத்து, கீமா மசாலா அரைக்கிற ஆளிடம் கொடுத்துவிட்டாராம்.

அவர் அசட்டையான மனுஷி இல்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த ஃபேக்டரியில் அவரைவிடச் சுத்தமான கை கிடையாது. சுத்தம் என்பது அவருக்கு ஒரு பக்கமாகத்தான் ஓடும், மசாலாவிலிருந்து விரதத்துக்கு. புனிதமான சாமான் தொட்ட பாத்திரம் எப்படி அழுக்காகும்? நாங்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? செடியிலிருந்து வருகிற புரதம், இதில் என்ன ஆபத்து என்று நாங்களும் அதே மாதிரிதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கோழி கம்பெனியில் யாராவது வெளிச்சாமானை மெஷினில் போட்டிருந்தால் நாலு பேர் கத்தியிருப்பார்கள். இங்கே மசாலாக்காரன் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் அறைக்கு ஓடினேன். மேனேஜர் சின்ன வயசு, இந்த ஊர்க்காரன், நல்ல பையன்தான். விஷயத்தைச் சொன்னேன். எல்லாக் கடைக்கும் போன் பண்ணி பேட்ச்சை நிறுத்தணும், நான் அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், முதலில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்," என்று இந்தியில் சொன்னான். "இல்லாத ஒன்றைச் சொல்லி அந்த அம்மாவை ஏன் பயமுறுத்தணும்? வேர்க்கடலை சோதிக்கிற பட்டை ஒன்று மிச்சமிருக்கு. கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்."

இங்கேதான் நான் தப்பு செய்தேன். கிச்சடி தின்றது தப்பில்லை, வாய்ச்சவடால் விட்டதுகூட இல்லை. இதுதான். போன் என் கையில் இருந்தது. அவள் நம்பர் மேலேயே இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. ஏன் தெரியுமா? என் வார்த்தை பொய் என்று அவளிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் என் மானம் பெரிதாகத் தெரிந்தது. டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாமே என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. சரி என்று தலையாட்டினேன்.

பட்டையைத் தேடி எடுத்தோம். கிரைண்டர் உள்ளே பஞ்சால் தேய்த்து, மருந்தில் கலக்கி, பட்டையில் விட்டோம். ஒரு கோடு வந்தால் சுத்தம், இரண்டு கோடு வந்தால் வேர்க்கடலை. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். பத்து நிமிஷம் காத்திருந்தோம். ஒரே ஒரு கோடு.

"பச் கயே, மேடம்!" தப்பித்தோம் என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தான். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பெருமாளே என்று சுவரில் கை ஊன்றினேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். தரை ஈரம். கிரைண்டர் அடியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்கு எல்லா மெஷினையும் சோப்புப் போட்டுக் கழுவுகிற நேரம். தினமும் நடக்கிறது, நான் போட்ட சட்டம்தான். காலையில் நடந்த தப்பை, சாயங்காலம் கழுவிய மெஷினில் தேடியிருக்கிறேன்! ஃப்ரீசரில் அந்தப் பேட்ச்சின் சாம்பிள் இருந்தது. அதைச் சோதிக்க இனிப் பட்டை இல்லை.

அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை. பார்ட்டி சத்தத்தில் எங்கே கேட்கும்? இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினேன்: வேர்க்கடலை கலந்திருக்கலாம். குடுக்காதே. குடுத்திருந்தா ஊசி போடு.

"ப்ரூஃப் இல்லையே மேடம்," என்றான் மேனேஜர் மெதுவாக.

"ப்ரூஃப் அந்தப் புள்ள தொண்டையில வந்தாத்தான் உனக்குத் திருப்தியாடா?" என்று தமிழிலேயே கத்தினேன். ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் எழுந்து கார் சாவியை எடுத்தான். எடுத்துக்கொண்டே கடைகளுக்குப் போன் போட ஆரம்பித்தான், பேட்ச்சை நிறுத்து, ஷெல்ஃபிலிருந்து எடு என்று.

போசரியிலிருந்து வாகட் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் விடுகிற நேரத்தில், மழையில், அது எவ்வளவு தூரம் என்றும் தெரியும். நாசிக் பாட்டா மேம்பாலத்தில் வண்டி நகரவே இல்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெசேஜ் அடியில் இரண்டு டிக். திடீரென்று அது நீலமாக மாறியது. படித்துவிட்டாள். பதில் இல்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. படித்தவள் ஏன் எடுக்கவில்லை? ஒரு தாய் அந்த மெசேஜைப் படித்துவிட்டுப் போனை எடுக்கவில்லை என்றால் அவள் கை எதில் இருக்கும்? வைப்பர் போகிறது, வருகிறது. மேனேஜர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, டெஸ்ட் நெகட்டிவ்தானே மேடம், நெகட்டிவ்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

அபார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் கேட்காமலே சொன்னான். கிளப் ஹவுஸிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். காரை விட்டுவிட்டு ஓடினேன். அந்த வயசில் நான் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது.

எமர்ஜென்ஸி வாசலில் நின்றேன். உள்ளே விடவில்லை. மௌஷி போன் பண்ணினார், யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் அழுகைதான், மூன்று முறை கழுவினேன் மேடம், மூன்று முறை கழுவினேன் என்று. "நீங்க கழுவினீங்க மௌஷி. நான்தான் கேக்கல," என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சுகன்யா வெளியே வந்தாள். நேரில் அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். பட்டுச் சுடிதார், மார்பில் கேக் க்ரீம், கழுத்தில் பிள்ளை பிடித்து இழுத்த கீறல். என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"மூச்சு வந்துடுச்சுங்க்கா," என்றாள். "பொழச்சுட்டான். ராத்திரி மட்டும் வச்சுப் பாக்கணுமாம்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரோல் கடிச்ச கொஞ்ச நேரத்துல உதடு வீங்குச்சுங்க. கடலையா இருக்காது, அக்கா சொல்லியிருக்காங்களேன்னு நெனச்சேன். கலர் பொடி ஏதோ ஒத்துக்கலைன்னு தண்ணி குடுத்துட்டு, அலர்ஜி சிரப் குடுத்துட்டு நின்னேன். ஊசி பையிலயேதான் இருந்துது. போடல. போட்டா பயந்துக்குவான், பொறந்த நாள் அதுவுமா எதுக்குன்னு..." மூச்சு வாங்கினாள். "உங்க மெசேஜப் பாத்ததும்தான் தொடையில குத்துனேன். நீங்க அனுப்பலீன்னா நான் குத்தியிருக்க மாட்டேங்க்கா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். கேக் ஒட்டிய கைகள்.

நர்ஸ் வந்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், டாக்டர் எழுதணும் என்று கேட்டாள். சுகன்யா போனை எடுத்துப் பார்ட்டி போட்டோக்களைத் தள்ளினாள். ஒன்றில் நிறுத்தினாள். தலையில் காகிதக் கிரீடம், வாயில் ரோல், கண் சிரிக்கிறது. ஆறு மணி நாலு நிமிஷம் என்று நர்ஸிடம் சொன்னாள். என் மெசேஜ் வந்தது ஆறு பதின்மூன்றுக்கு. அது என் போனில் இருந்தது, நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் கும்பிட்ட கையோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் போட்டோவில் பிள்ளை காகிதக் கிரீடத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சுகன்யா," என்றேன். "எனக்கு அஞ்சே முக்காலுக்கே தெரியும்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"அஞ்சே முக்காலுக்கு மௌஷி சொல்லிட்டாங்க. போன் கையிலதான் இருந்துது. உறுதியா தெரியட்டும்னு டெஸ்ட் பண்ணிட்டு நின்னேன்."

அவள் போட்டோவைப் பார்த்தாள். ஆறு நாலு. திரும்ப என்னைப் பார்த்தாள். மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்து மடியில் விழுந்தன. எழுந்து, சுடிதாரை உதறிக்கொண்டு, உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. ஃப்ரீசர் சாம்பிளை லேபுக்கு அனுப்பினோம், வேர்க்கடலை இருக்கிறது என்றுதான் வந்தது. பேட்ச் முழுக்கத் திரும்பி வந்தது. மௌஷியை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தார்கள், கையெழுத்து என்னுடையது, முதலில் என்னை எடுங்கள் என்று சண்டை போட்டு நிறுத்தினேன். கேன்டீனுக்குத் தனி கிரைண்டர் வாங்கினோம். கவின் நன்றாக இருக்கிறான் என்று வாகட் கடைக்காரர் ஒருமுறை சொன்னார். எங்கள் கீமாவை அவர்கள் வாங்குவதில்லை என்றும் சொன்னார்.

அந்த ஒற்றைக் கோட்டுப் பட்டையை என் பர்ஸில் வைத்திருக்கிறேன். வேர்க்கடலை இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. கேள்வி கேட்டவள்தான், தனக்கு வேண்டிய பதில் வருகிற இடமாகப் பார்த்துக் கேட்டாள்.

நீங்கள் செய்கிற பொருள் நல்ல பொருள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கும் ஒருநாள் வரும், அப்போது கையில் போனும் இருக்கும், பட்டையும் இருக்கும். உங்களை நம்பி யாரோ ஒருத்தி எங்கேயோ தட்டில் பரிமாறிக்கொண்டிருப்பாள். நீங்கள் தப்பாகப் பயந்திருந்தால் அவள் திட்டுவாள், திட்டட்டும், பிள்ளை மடியில் இருக்கும்போது திட்டட்டும். முதலில் போனை எடுங்கள்.

சுகன்யாவின் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு ஆஷாடி ஏகாதசிக்கும் அவன் பிறந்த நாள் இதையொட்டித்தானே வரும் என்று எடுத்துப் பார்க்கிறேன். அழுத்துவதற்கு இப்போதும் தைரியம் வருவதில்லை.